ஊசி போட்ட கை

நேசராணி முதல் தடவை மயங்கி விழுந்தபோது, வெயில்தான் காரணம் என்றார்கள். இரண்டாவது தடவை விழுந்தபோது, கோயிலில் வெகு நேரம் முழங்காலில் நின்றதுதான் காரணம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை. ஆளுக்கொரு காரணம் சொல்லி, சீனித்தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்காரவைத்து, அக்கம்பக்கத்தார் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பிலிப்புவால் அப்படிப் போக முடியவில்லை. தினமும் காலையும் மாலையும் அவளுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவன் அவன்தான்.

பதுளை ஸ்டேஷனில் பார்சல் கிளாக்கராக இருந்த பிலிப்பு, நேசராணியின் பெயரை முதலில் பார்த்ததே ஒரு பார்சலின் மேல்தான். மூன்று வருஷத்துக்கு முன், ரயில் புதிதாகப் பதுளைக்கு வந்த காலம். கொழும்பிலிருந்து ஈரச்சாக்கு சுற்றிய ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள், பத்தொன்பது வயசுப் பெண், நீரிழிவு கண்டு எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள், அவளுக்கான மருந்து அது என்றார்கள். வாங்கிப்போக வரவேண்டிய ஆள் வரவில்லை. பிலிப்பு பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் போய்த் தானே கொடுத்தான். பாயில் கிடந்த உருவத்தைப் பார்த்து, இந்த மருந்து வீண் என்றுதான் நினைத்தான். ஆறு வாரம் கழித்து அதே உருவம் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, "பார்சல் கொண்டுவந்து குடுத்தது நீங்கதானா?" என்று கேட்டபோது அவன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான்.

கல்யாணத்துக்கு முன்பே டாக்டர் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஊசி தவறக்கூடாது. சாப்பாடு தவறக்கூடாது. பிள்ளை என்ற பேச்சே கூடாது. மூன்றுக்கும் தலையாட்டித்தான் பிலிப்பு அவளைக் கைப்பிடித்தான். அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவன் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தான். குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மருந்தை இழுத்தான். பதினைந்து யூனிட். கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

"கையை நீட்டு."

"இன்னைக்கு ரெண்டு தடவை அளந்து பார்த்தீங்க," என்றாள் நேசராணி.

"வெளிச்சம் பத்தல."

"எனக்கு நல்லாத் தெரியுதே."

ஊசி போட்டு முடித்ததும் அவன் எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தான். இரண்டு கேழ்வரகு ரொட்டி, ஒரு முட்டை, ஒரு கோப்பைப் பால். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு. கடைசி விள்ளலை விழுங்கிவிட்டு அவள் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"போதுமா, இன்ஸ்பெக்டர் ஐயா?"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடுதான் வேலைக்குப் போனான்.

பத்து மணிக்கு, இறக்கிய பார்சல்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வண்டிக்காரர் ஸலீம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"கிளாக்கரையா, சுருக்கா வாங்க. ஒங்க அக்கா சத்தம் போடுறாங்க. நேசராணித் தங்கச்சிக்கு மறுபடியும்..."

பிலிப்பு பேனாவைக் கூட மூடவில்லை.

* * *

வீட்டுக்கு ஏறும் படிகளை அவன் எப்படி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது. வாசலிலேயே அக்கா மதலேனாவின் குரல் கேட்டது. "குடிச்சிடு ராணி, ஒரே ஒரு வாய் குடிச்சிடு."

நேசராணி அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. மதலேனா கோப்பையை வாயருகே கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் அவள் அதைத் தட்டிவிட்டாள். தரையெல்லாம் சீனித்தண்ணீர்.

"நேசம், நான் வந்துட்டேன். இதைக் குடி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை அவன் மேல் நிற்கவில்லை. "யாரு நீ? ஏன் வீட்டுக்குள்ள வர்ற?" என்றாள் குழறிக் குழறி. "எங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்."

அவன் அவள் தலையைப் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். எங்கிருந்து அத்தனை பலம் வந்ததோ, அடுத்த நிமிஷம் அத்தனையும் போயிற்று. கண்கள் மேலே செருகின. பல் கிட்டித்துக்கொண்டது. உடம்பு அவன் மடியில் துணிமூட்டை மாதிரி சரிந்தது.

"ஸலீம் காக்கா, டாக்டரை வண்டியில ஏத்திக்கிட்டு வாங்க!"

மயக்கத்தில் இருப்பவள் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பிலிப்பு சீனியைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, விரலால் அவள் கன்னத்தின் உட்புறம் தடவினான். ஈறில் தடவினான். மறுபடியும் குழைத்தான், மறுபடியும் தடவினான். அது உள்ளே போகிறதா என்று கூட அவனுக்குத் தெரியவில்லை. மதலேனா அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே மாதாவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் பாலசுப்பிரமணியம் வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியில் பிலிப்பு செய்யக்கூடியது விரலைச் சீனியில் தோய்ப்பது ஒன்றுதான்.

வந்ததும் டாக்டர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கையில் பட்டி கட்டினார், நரம்பைத் தேடினார், பெரிய ஊசியில் குளுக்கோஸை மெள்ள மெள்ள ஏற்றினார். ஊசியை வெளியே எடுப்பதற்கு முன்பே நேசராணியின் இமைகள் அசைந்தன. பிறகு கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றாள். பிலிப்புவின் கையில் பல் பதிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "அது என்ன?" என்று கேட்டாள்.

"பார்சல் ஆணி கிழிச்சிருச்சு," என்றான் பிலிப்பு.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் இருபது வருஷமாக வைத்தியம் பார்க்கிறவர் டாக்டர். பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எட்டு நாளிலை மூண்டு தரம். இது சும்மா வாறதில்லை, பிலிப்பு. சீனி இப்பிடி விழுறதுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கவேணும். அதைக் கண்டுபிடிச்சே ஆகவேணும். நாலாந்தரம் நான் வந்து சேர முந்தியே முடிஞ்சிடும். எத்தினை யூனிட் போட்டனீர்?"

"பதினஞ்சுங்க. எப்பவும் போடுறதுதான்."

"குப்பி பழசோ, புதுசோ?"

"புதுசு. ரெண்டு வாரத்துக்கு முன்னால வந்தது."

"கொண்டு வாரும்."

பிலிப்பு ஈரத்துணி சுற்றிய மண்கலயத்திலிருந்து குப்பியை எடுத்து வந்தான். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கிட்டப் பிடித்தார்.

"இப்ப இரட்டைப் பலத்திலையும் குப்பி வருது. அது தெரியாமல் பழைய கோட்டுக்கு இழுத்துப் போட்டால் ரெண்டு மடங்கு ஏறிடும்."

பிலிப்பு நாளை எண்ணிப் பார்த்தான். தன் கையால் இரண்டு வாரமாக இரட்டை அளவா போட்டுக்கொண்டிருந்தான்?

"இல்லை," என்றார் டாக்டர். "இது பழைய பலம்தான்."

நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் இருக்கவில்லை. அதுதான் காரணம் என்று ஆகியிருந்தால், இன்றோடு எல்லாம் சரியாகியிருக்கும்.

"ஊசி போட்ட பிறகு சாப்பிட்டவவோ?"

"என் கண்ணு முன்னாலதாங்க சாப்பிட்டா. முழுசா."

நேசராணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ஓடியாடி வேலை செய்யிறவவோ? தண்ணி தூக்கிறது, ஏத்தம் ஏறிறது?"

"ஒரு வாளி தூக்க எங்க அக்கா விடமாட்டாங்க."

டாக்டர் போர்வையை விலக்கி அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. "சிறுநீரகம் பழுதானாலும் மருந்து உடம்பிலை தங்கி நிண்டு சீனியை இறக்கும். வீக்கம் ஒண்டையும் காணேல்லை. சலம் சோதிக்கிறனீரோ?"

இதற்கு மட்டும் பிலிப்பு கொஞ்சம் பெருமையோடு பதில் சொன்னான். தினமும் அவளுடைய சிறுநீரைச் சோதனை மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பவன் அவன்தான். சீனி அதிகமென்றால் செங்கல் நிறம். குறையக் குறைய மஞ்சள், பச்சை. சீனியே இல்லையென்றால் நீலம்.

"பதினோரு நாளா நீலங்க. ஒரு நாள் கூட மாறல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பென்சிலை நிறுத்தினார்.

"பதினொரு நாளோ? அது சந்தோஷப்படுற விஷயமில்லை, பிலிப்பு. இவவின்ரை உடம்புக்குப் பதினைஞ்சு யூனிட் இப்ப கூடிப்போச்சு எண்டு அர்த்தம். ஏன் கூடிப்போச்சு? அதுதான் எனக்கு விளங்கேல்லை."

பதினோரு நாளாக ஒவ்வொரு நீலத்துக்கும் பிலிப்பு சிலுவை போட்டு நன்றி சொல்லியிருந்தான்.

"வேறை ஏதும் மருந்து குடுக்கிறீங்களோ? இலை, கஷாயம், குளிசை?"

மதலேனா கீழே கிடந்த கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

வாசல்வரை கூடப் போன பிலிப்பு, மனசை அறுத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேவிட்டான். "கொஞ்ச நாளைக்கு ஊசியை நிறுத்திட்டா என்னங்க?"

"நிப்பாட்டினால் நாலு நாள், அஞ்சு நாள். மூண்டு வருஷத்துக்கு முந்தி அந்தப் பிள்ளை கிடந்த கிடை உமக்கு மறந்துபோச்சோ?" டாக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "பின்னேரம் பத்துப் போடும். போட்டுட்டுப் பக்கத்திலையே இரும்."

* * *

அம்மியின் அடியில், வாழை இலைச் சருகில் பொதிந்து வைத்திருந்தது அது. பாதி அரைத்த பச்சை விழுது. நாக்கில் வைத்துப் பார்த்தான் பிலிப்பு. கசந்தது. சிறுகுறிஞ்சான்.

"எத்தனை நாளா?" என்றான்.

மதலேனா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பன்னெண்டு நாளா. சந்தையில இலை விக்கிற இராக்கம்மாகிட்ட வாங்கினேன். சீனியை இறக்கும்னு சொன்னா."

"இறக்கிடுச்சு. பார்த்தேல்ல?"

"பிலிப்பு..."

"டாக்டர் கேட்டாரு. வாயைத் திறந்தியா நீ? பன்னெண்டு நாளா இலையைக் குடுக்கிற, பதினோரு நாளா நீலம் காட்டுது. நான் ஒரு பக்கம் ஊசி போடுறேன், நீ ஒரு பக்கம் இதை அரைச்சுக் குடுக்கிற. அவ செத்தா யாரு கணக்கு அக்கா? உன் கணக்கா, என் கணக்கா?"

"நான் கெடுதல் நெனச்சா செஞ்சேன்?"

"நெனச்சு செஞ்சா என்ன, நெனைக்காம செஞ்சா என்ன? அவ உயிரோட இருக்கணும்னா நீ இந்த அடுப்படியில நிக்கக்கூடாது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதினேழு. ஹல்துமுல்லைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அவனைப் படிக்கவைத்தவள். அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். ஆனால் கண் செருகிய நேசராணியின் முகம் குறுக்கே வந்து நின்றது.

மதலேனாவின் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"ஹல்துமுல்லையில சித்தி வீட்டுல போய் இருக்கேன்," என்றாள். "மூணு மணி ரயிலு இருக்குல்ல."

இரண்டு சேலையும் ஒரு ஜெபமாலையும்தான் அவள் எடுத்துக்கொண்டது. உள்ளே போய் நேசராணியின் தலையில் கையை வைத்துவிட்டு வந்தாள். வாசலில் செருப்பில்லாத காலோடு ஒரு கணம் நின்றாள். பிலிப்பு கூப்பிடவில்லை.

ரயில் கிளம்பும் சத்தம் கேட்டபோது அவன் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை கழுவினான். காரணம் கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இனிமேல் விழமாட்டாள்.

* * *

மாலை ஐந்தரைக்குப் பத்து யூனிட் போட்டான். ஆறு மணிக்குச் சோறு, கீரை, மீன். வேலைக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நேசராணி பேசாமல் சாப்பிட்டாள்.

"மதினி எங்க?"

"ஹல்துமுல்லைக்குப் போயிருக்கு."

"ஏன்?"

"சாப்பிடு. அப்புறம் சொல்றேன்."

சாப்பிட்டு முடித்துப் பின்பக்கம் கை கழுவப் போனாள். அவன் தட்டை எடுத்து வைத்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடக்கி அடக்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் வாந்தி எடுக்கும் சத்தம்.

போய்ப் பார்த்தான். கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் நேசராணி. சாப்பிட்ட சோறு அத்தனையும் மண்ணில் கிடந்தது. அவனைக் கண்டதும் காலால் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"காலையில நான் பார்க்கச் சாப்பிட்டதும்?"

"நீங்க படி இறங்கின உடனே வந்துடும்," என்றாள் மெல்ல. "நிக்கமாட்டேங்குது. எவ்வளவு அடக்கினாலும் நிக்கமாட்டேங்குது."

உடம்புக்குள் ஊசி மருந்து இருக்கிறது, அது தின்பதற்கு வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. பிலிப்புவுக்குக் கணக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவளைக் கையோடு தூக்கி வந்து உட்காரவைத்தான். சீனித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தான். ஒரு கரண்டி, ஒரு மூச்சு, அடுத்த கரண்டி. அவள் விரல் நுனிகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. இந்தத் தடவை அவள் கோப்பையைத் தட்டிவிடவில்லை. அரைமணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. குடித்தது உள்ளேயே நின்றது.

"அந்த இலைதான் உன் வயித்தைக் கெடுத்திருக்கு. அக்காவை நான்..."

"அந்த இலையை நான் ஒரு நாள் கூடக் குடிக்கல."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"கசப்பு தாங்கல. வாயில வெச்சா வெளிய வந்துடும். மதினி அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா ஊத்திடுவேன். குடிச்சிட்டேன்னு பொய் சொல்வேன்."

"அப்ப இது எதனால?"

நேசராணி அவனைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசமா நான் தூரமாகல," என்றாள்.

வெளியே ஸலீமின் மாடு தொழுவத்தில் கழுத்து மணியை ஆட்டியது. பிலிப்புவுக்கு அந்த மணிச்சத்தம் மட்டும்தான் கேட்டது.

"மதினிக்குத் தெரியும். வாந்தி எடுக்கிறதைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவங்க கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன். சீனி இறங்கினா பிள்ளை தங்கும்னு யாரோ சொன்னாங்களாம். அதுக்குத்தான் இலையைத் தேடிப் போனாங்க. நீங்க ஏன் அவங்களை அனுப்பினீங்க?"

சத்தியத்தைக் காப்பாற்றவென்று அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு போன அக்கா, இந்நேரம் அப்புத்தளையில் இறங்கி, பனியில் ஹல்துமுல்லைச் சரிவில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பாள். தந்தி கொடுத்தால் கூட அவளைப் போய் எட்டாது.

"என்கிட்ட ஏன் சொல்லல, நேசம்?"

"சொன்னா டாக்டர்கிட்ட போவீங்க. இப்பவும் போகத்தானே போறீங்க?"

* * *

ஸலீமின் மனைவி ஸவாஹிராவை அவளுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு அவன் போனான். டாக்டர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நான் கேட்டிருக்கவேணும்," என்றார். "எல்லாத்தையும் கேட்டன், இதைக் கேட்கேல்லை. வேண்டாமெண்டு சொன்னபடியால் நடக்காதெண்டு நினைச்சிட்டன்."

"அதனாலதான் சீனி இறங்குதுங்களா?"

"ஓம். சிலருக்கு முதல் மாசங்களிலை மருந்துத் தேவை தானாகவே குறையும் எண்டு வாசிச்சிருக்கிறன். அதோடை வாந்தியும் சத்தியுமாய்ச் சேர்ந்தால் கேட்கவேணுமோ? ஆனால் பிறகு ஏறும். ரெண்டு மடங்கு, மூண்டு மடங்கு எண்டு ஏறும்."

"நாளைக்குக் காலையில எவ்வளவு போடணும்?"

டாக்டர் அலமாரியைப் பார்த்தார். தடித்த புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது, பிலிப்பு. இந்த ஊசிக்கு வயசே நாலைஞ்சு வருஷம். ஊசியிலை இருக்கிற ஒருத்தி பிள்ளை சுமக்கிறதை நான் கண்ணாலை கண்டதில்லை. எட்டுப் போடும். முதல் சாப்பிடட்டும், அரைமணித்தியாலம் வயித்திலை நிண்ட பிறகு போடும். அதுக்கு மேலை என்ன சொல்லுறதெண்டு எனக்கு விளங்கேல்லை."

இருபது வருஷ வைத்தியர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று பிலிப்பு எதிர்பார்க்கவில்லை.

"கொழும்புக்கு இண்டைக்கே எழுதுறன். அங்கத்தைய டாக்டர்மார் என்ன சொல்லுவினமெண்டு எனக்கு இப்பவே தெரியும். கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவினம். கலைக்கச் சொல்லுவினம்."

"கலைச்சா பொழைச்சுக்குவாளா?"

"அதுவும் ஆபத்துத்தான். விட்டால் அதைவிட ஆபத்து. திங்கட்கிழமைக்குள்ளை முடிவு சொல்லும். நாள் போகப் போக ரெண்டும் கஷ்டமாயிடும்."

திரும்பி நடந்தான். கடைவீதியில் விளக்குகள் எரிந்தன. யாரோ ஒருவர் "என்ன கிளாக்கர், வீட்டுல சுகமா?" என்று கேட்டார். சுகம் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வீட்டில் நேசராணி விழித்திருந்தாள். ஸவாஹிரா அவனைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "இப்ப நல்லாத்தான் இருக்காங்க. கஞ்சி கொஞ்சம் குடிச்சாங்க, நின்னிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் நேசராணி.

"சொல்லாம எப்படி?"

"என்ன சொன்னாரு?"

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். டாக்டர் சொன்னதில் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றும் உதவவில்லை.

"கொழும்புக்கு எழுதுறாராம்," என்றான்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலையில நான் கையை நீட்டமாட்டேன்," என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"என்னைக் கொழும்புக்குக் கொண்டு போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. அப்புறம் ஊசியை எடுங்க. எத்தனை யூனிட் வேணும்னாலும் போடுங்க."

"ஊசி போடாட்டி என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். பாயில கிடந்தது நான்தானே."

"பிள்ளையும் போயிடும், நேசம். ரெண்டு பேரும் போயிடுவீங்க."

"ஆமா," என்றாள். "அதைத்தான் சொல்றேன்."

சத்தியமும் செய்யாமல், மறுக்கவும் செய்யாமல் பிலிப்பு அவள் கையைப் பிடிக்க எட்டினான். அவள் சற்று நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.